பலெர்மோ மன்னரும் கொஞ்சப்படாத குழந்தைகளும்

பலெர்மோ பேராலயத்துக்குள் நுழைந்தால் வலப்பக்கம் அரச குடும்பத்தின் கல்லறைகள். கருஞ்சிவப்புப் பாறையில் குடைந்த பெரிய பெட்டிகள். சிசிலியின் அரசி கான்ஸ்டன்ஸும் அவருடைய மகன் இரண்டாம் பிரடெரிக்கும் இங்கேதான் இருக்கிறார்கள். மகனின் பெட்டிமேல் இன்றும் யாராவது பூ வைத்துவிட்டுப் போகிறார்கள். இறந்து 770 ஆண்டுகளுக்கு மேலான ஒரு மன்னருக்கு இது பெரிய மரியாதைதான். ஆனால் சிசிலிக்கு வெளியே, குறிப்பாக உளவியல் வகுப்புகளில், அவர் பெயர் அடிபடுவது வேறொரு காரணத்துக்காக: பச்சிளம் குழந்தைகளை வைத்துச் சோதனை நடத்திச் சாகவிட்டவர் என்று.

கதையைச் சொன்னவர் பார்மா ஊரைச் சேர்ந்த சலிம்பேனே என்ற பிரான்சிஸ்கன் துறவி. 1280களில் எழுதிய தம் வரலாற்று நூலில் பிரடெரிக்கின் கிறுக்குத்தனங்களை அவர் வரிசையாக அடுக்குகிறார். தன் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிய எழுத்தரின் கட்டைவிரலை வெட்டச் சொன்னாராம். ஒரு மனிதனைப் பீப்பாய்க்குள் அடைத்து, சாகும்போது உயிர் வெளியேறுகிறதா என்று பார்த்தாராம். இந்த வரிசையில்தான் வருகிறது குழந்தைகள் கதை. மனிதனின் ஆதி மொழி எபிரேயமா, கிரேக்கமா, லத்தீனா, அரபியா, அல்லது பெற்றோரின் பேச்சா என்று மன்னருக்குச் சந்தேகம். செவிலித்தாய்களை அமர்த்தினார். பால் கொடுக்கலாம், குளிப்பாட்டலாம். வாய் திறந்து ஒரு சொல் பேசக் கூடாது, கொஞ்சக் கூடாது. குழந்தைகள் எந்த மொழியும் பேசவில்லை. எல்லாம் இறந்துபோயின. கைதட்டலும் சிரித்த முகமும் கொஞ்சலும் இல்லாமல் அவற்றால் உயிர் வாழ முடியவில்லை என்பது சலிம்பேனே சொல்லும் காரணம்.

நம்பலாமா? சலிம்பேனே மன்னரை நேரில் பார்த்தவர்தான். ஆனால் அவர் எழுதியபோது மன்னர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. போப்பாண்டவர்கள் திருச்சபையை விட்டே விலக்கிவைத்த ஒருவரைப் பற்றி, போப்பாண்டவர் தரப்புத் துறவி எழுதியது அது. எங்கே நடந்தது, எத்தனை குழந்தைகள், எந்த ஆண்டு என்று எதுவும் இல்லை. எகிப்து மன்னர் சாமெட்டிகஸ் இரண்டு குழந்தைகளை ஆட்டிடையனிடம் விட்டுச் சோதித்ததாக ஹெரோடோட்டஸ் எழுதிய பழங்கதையின் சாயலும் தெரிகிறது. வரலாற்றாசிரியர்கள் பலர் இதை அவதூறாகவே கருதுகிறார்கள்.

இதே சோதனையை நடத்தியதற்கு ஓரளவு வலுவான சான்றுள்ள மன்னர் நம் நாட்டவர். 1570களின் இறுதியில் அக்பர் குழந்தைகளைத் தனி மாளிகையில் அடைத்து, பேசாத செவிலியரிடம் ஒப்படைத்தார். மக்கள் அதற்கு வைத்த பெயர் ஊமை மாளிகை. சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒரு சொல்லும் எழவில்லை. அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் இதைப் புகழ்ச்சியாக எழுதினார். அரசவையில் இருந்தும் அக்பர்மேல் கசப்புக் கொண்டிருந்த பதாயூனி, குழந்தைகளில் சிலர் மண்ணுக்குள் போனதையும் சேர்த்து எழுதினார்.

பிரடெரிக்கின் சொந்தக் குழந்தைப் பருவம் தாயைத் தேடிய ஒன்றுதான். 1194 டிசம்பர் 26 அன்று இத்தாலியின் யேசி ஊரில் பிறந்தார். கான்ஸ்டன்ஸுக்கு அப்போது நாற்பது வயது. அரசியல் அவரைச் சிசிலிக்கு இழுத்தது. கைக்குழந்தையை பொலிஞோவில் ஸ்பொலேட்டோ பிரபுவின் மனைவியிடம் விட்டுவிட்டுப் போனார். 1197 செப்டம்பரில் தந்தை ஆறாம் ஹென்றி இறந்த பிறகே மகன் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தான். 1198 மே மாதம் முடிசூட்டு விழா, நவம்பரில் தாயின் மரணம். பையனுக்கு நான்கு வயது நிறையவில்லை. 1201இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியத் தளபதியின் ஆட்கள் அரண்மனைக்குள் புகுந்து தன்னைப் பிடித்தபோது, அந்தச் சிறுவன் தன் உடையைக் கிழித்து, தன் சதையையே நகத்தால் கீறிக்கொண்டான் என்று அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது.

வளர்ந்தபின் அவர் எழுதிய நூல் பறவைகளைப் பற்றியது. வேட்டைக்கு வல்லூறு பழக்கும் கலை. படித்ததை அப்படியே ஏற்காதவர். பருந்தினங்களை வேட்டைக்குப் பழக்கிய அனுபவம் இல்லாதவர் என்று அரிஸ்டாட்டிலையே குறை சொன்னார். கழுகு இரையை மோப்பத்தால் அறிகிறதா என்று பார்க்க அதன் கண்ணிமைகளைத் தைத்து மூடினார். பார்வையில்லாமல் அது இரையைக் கண்டுகொள்ளவில்லை. வேறொரு பறவையின் கூட்டில் கிடைத்த விநோதக் குஞ்சை வளர்க்கச் சொல்லி, அது குயிலினக் குஞ்சு என்று தெரிந்துகொண்டார். வல்லூறுக் குஞ்சை அவசரப்பட்டு எடுக்காதீர்கள், கூட்டில் தாய் தந்தை ஊட்ட எவ்வளவு நாள் வளர்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது அவர் பழக்குவோருக்குச் சொன்ன புத்தி. எழுதியவர் யார் என்பதை நினைத்தால் இந்த வரி கொஞ்சம் உறுத்தும்.

குஞ்சுக்குத் தாய் எதற்கு, தீனிக்கு மட்டுமா? இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் குரங்குகளிடம் போனார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ ரீசஸ் குரங்குகளை வளர்த்தார். வட இந்தியாவிலிருந்து கப்பலிலும் விமானத்திலும் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதியான அதே இனம். 1978இல்தான் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. நோய் தொற்றாமலிருக்கக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வைத்தபோது, கூண்டில் விரித்த துணியை அவை விடாமல் பற்றிக்கொண்டதைக் கவனித்தார்கள். ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார்: ஒன்று வெறும் கம்பி, மற்றது பூத்துவாலைத் துணி சுற்றியது. பால்புட்டி கம்பித் தாயிடம் இருந்தாலும், குட்டிகள் குடித்த கையோடு துணித் தாயிடம் ஓடி, நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தன. 1958இல் அவர் இதை வெளியிட்டார். பின்னாளில் குட்டிகளை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்த அவருடைய சோதனைகள் கொடூரமானவை. அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

மனிதக் குழந்தைகளைப் பற்றிய சான்று அதற்கு முன்பே வந்துவிட்டது. 1945இல் உளப்பகுப்பாய்வாளர் ரெனே ஸ்பிட்ஸ், சுத்தத்துக்கும் உணவுக்கும் குறைவில்லாத ஓர் அனாதை இல்லத்தைப் பற்றி எழுதத் தொடங்கினார். ஒரு செவிலிக்குப் பல குழந்தைகள். தூக்கிக் கொஞ்ச ஆளில்லை. அங்கிருந்த 91 குழந்தைகளில் 34 பேர் இரண்டு ஆண்டுக்குள் இறந்தார்கள். உளமருத்துவர் ஜான் பௌல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தந்த அறிக்கையில் இத்தகைய சான்றுகளைத் திரட்டினார். பிறகு ஹார்லோவின் குரங்குகளும் விலங்கு நடத்தையை ஆராய்ந்த லோரன்ஸின் வாத்துக் குஞ்சுகளும், தாய்-சேய்ப் பிணைப்பு பற்றிய பௌல்பியின் கோட்பாட்டுக்குள் வந்தன.

ஆனால் அந்தப் பிணைப்புக்கு உரியவர் பெற்ற தாய் ஒருத்தி மட்டும்தானா? 1960களில் நியூயார்க்கில் காஃப்மனும் ரோசன்பிளமும் இரண்டு குரங்கினங்களை ஒப்பிட்டார்கள். தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்குக் குட்டியிடமிருந்து தாயைப் பிரித்தால், அது முதலில் கத்தித் தவித்து, பிறகு தலையைக் கால்களுக்கிடையே கவிழ்த்துச் சுருண்டுவிடும். மற்ற இனம் நம் நாட்டுக் குரங்கு. குற்றாலத்தில் கையிலிருக்கும் பழத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறதே, அதுதான். நெருக்கியடித்து உட்காரும் அந்தக் கூட்டத்தில் தாய் போனதும் மற்றப் பெண் குரங்குகள் குட்டியை வாரி எடுத்துக்கொண்டன. ஆரம்பத் தவிப்புக்குப் பின் அது பெரிதும் சுருண்டுபோகவில்லை. அத்தையும் சித்தியும் பாட்டியும் இடுப்பில் மாற்றி மாற்றித் தூக்கி வளர்த்த வீடுகளுக்கு இது ஆச்சரியமான செய்தி இல்லை. ஆனாலும் குரங்கிடம் கண்டதை அப்படியே மனிதருக்கு ஒட்ட முடியாது. வேலைக்குப் போகும் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்த ஆய்வுகளைப் பயன்படுத்துவோர் இந்தக் குரங்கைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

குழந்தை வளர்ப்பு மேடைகளில் பிரடெரிக் கதையை உருக்கமாகச் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிராளி எழுதி வைத்த கதை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கொஞ்சல் இல்லாமல் குழந்தை வாடும் என்பதற்கு ஸ்பிட்ஸ் எண்ணிய அந்த 34 பேரே போதும்.