தூகரத் பாதையும் நம் ஊர்ச் சாலையும்



கண்ணமங்கலத்தைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரம் நோக்கிச் செல்லும் சாலையில், சுபுஹுத் தொழுகைக்குப் பின் நடந்தவர்கள் மலைக்காற்றின் அருமையை அறிவார்கள். சர்க்கரை நோய் நம் வீடுகளில் பெருகுவதைக் கண்டு, சென்ற ஆண்டு நாங்கள் சிலர் அச்சாலையில் மெல்லோட்டம் பழகத் தொடங்கினோம். முதல் வாரம் உற்சாகம் பொங்கியது. இரண்டாம் வாரம் கைப்பேசிகளில் வேகத்தை ஒப்பிடலானோம். பின்தங்கியவர்கள் வெட்கப்பட்டு ஒவ்வொருவராக நின்றுகொண்டார்கள். மாதம் முடியுமுன் ஓட்டமே நின்றுபோயிற்று.

எங்கே தவறினோம் என்று எண்ணியபோது, நம் முன்னோர் எவ்வாறு ஓடினார்கள் என்பதை வரலாற்றில் தேடினோம்.

ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெறும் நீண்ட அறிவிப்பொன்று, ஹிஜ்ரி 7ஆம் ஆண்டின் கைபர் படையெடுப்புக்குச் சற்று முன் நிகழ்ந்த தூகரத் சம்பவத்தை விவரிக்கிறது. நபி (ஸல்) அவர்களின் ஒட்டகங்களைக் கொள்ளையர் ஓட்டிச் சென்றபோது, ஸலமா பின் அக்வஃ (ரலி) தன்னந்தனியாகக் கால்நடையாகவே விரட்டிச் சென்று அவற்றை மீட்டார். காலாட்களில் சிறந்தவர் அவரே என்று நபியவர்கள் பாராட்டி, திரும்பும் வழியில் தமது ஒட்டகத்தில் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

கடமை முடிந்துவிட்டது, எதிரியும் இல்லை. அப்போது, ஓட்டத்தில் எவரிடமும் தோற்றறியாத அன்சாரித் தோழர் ஒருவர், மதீனா வரை தம்முடன் ஓட வருபவர் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஸலமா (ரலி) நபியவர்களிடம் அனுமதி பெற்று ஒட்டகத்திலிருந்து குதித்தார். முதல் ஒன்றிரண்டு மேடுகள் வரை மூச்சைக் காத்துக்கொண்டு பின்னால் ஓடினார். பிறகு வேகம் கூட்டி, அவரை எட்டி, தோள்களுக்கு நடுவே தட்டி, முந்திச் சென்றார்.

பரிசும் பட்டமும் இல்லாத இந்த ஓட்டம், களைப்பான பயணத்தின் இறுதியில் தோழர் இருவர் தேடிக்கொண்ட மகிழ்ச்சி. தோற்ற அன்சாரியின் பெயர் அவ்வறிவிப்பில் இல்லை. ஆனால் அவர் விடுத்த அழைப்பு இன்றளவும் பதிவாகியிருக்கிறது. அவர் அழைத்திராவிட்டால் அந்த ஓட்டமே நிகழ்ந்திராது.

அபூதாவூதில் பதிவான மற்றொரு செய்தி நாம் நன்கறிந்தது. ஒரு பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) நபி (ஸல்) அவர்களுடன் ஓடி வென்றார்கள். பின்னாளில் உடல் சற்றுப் பருத்தபின் மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அது முந்தைய தோல்விக்கு ஈடு என்று சொன்னார்கள். முதல் ஓட்டத்தைவிட இரண்டாவதே எங்களைச் சிந்திக்க வைத்தது. உடல் மாறியபின்னும் அன்னையார் மீண்டும் ஓடினார்களே! முஸ்னத் அஹ்மதின் அறிவிப்பு, நபியவர்கள் மக்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டே அன்னையாருடன் ஓடினார்கள் என்று கூறுகிறது. இல்லத்தாரின் கூச்சத்தைப் போக்கி உடனழைத்துச் செல்ல விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

இவ்வுணர்வு இன்றும் வாழ்கிறது. நம் ஊர் வழியே செல்லும் காட்பாடி–விழுப்புரம் இரயில் பாதையின் மறுமுனைக்கு அப்பால், ஆரோவில்லில் 2008 முதல் மாரத்தான் நடக்கிறது. முதலிடம் யாருக்கு என்பதைப் பொருட்படுத்தாமல், ஓடும் இன்பத்துக்காகவே ஓடுவது அதன் கொள்கை. போட்டியற்ற அந்த ஓட்டத்துக்கு மக்கள் ஆர்வத்துடன் திரள்கிறார்கள்.

ஆகவே நாங்கள் மறுபடி தொடங்கினோம். கைப்பேசிகள் சட்டைப்பைக்குள் இருக்கின்றன. மெதுவாக ஓடுபவரின் வேகமே அனைவரின் வேகம். பேசிக்கொண்டே ஓட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நடக்கிறோம், தணிந்ததும் ஓடுகிறோம். ஸலமா (ரலி) முதல் மேடுகளில் மூச்சைக் காத்ததும் இவ்வாறான நிதானமே. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரைமணி நேரம் போதுமானது. நோயுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் தொடங்குவது நலம்.

வராத சகோதரரின் வீட்டுக் கதவைத் தட்டுவதும் இப்போது எங்கள் பழக்கம். அன்று அந்த அன்சாரித் தோழர் கேட்டதையே நாங்களும் கேட்கிறோம்: உடன் ஓட வருபவர் உண்டா?

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை மகிழ்வோடு பேணும் நற்பேற்றை அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.