எந்தக் கலன்?

கலன் எண்டால் எவ்வளவு எண்டு யாராவது கேட்டால், "எந்தக் கலன்?" எண்டு திருப்பிக் கேட்க வேண்டும். றொறன்ரோவில் பழைய ஆட்கள் சொல்லும் கலன் 4.546 லீற்றர். எல்லை தாண்டி பஃபலோவில் பெற்றோல் அடித்தால் அங்கத்தைக் கலன் 3.785 லீற்றர்தான். விலை மலிவு எண்டு சந்தோசப்பட முன்னம் இதையும் கணக்கில் எடுங்கோ.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வைனுக்கு ஒரு கலன், பியருக்கு ஒரு கலன், தானியத்துக்கு வேறொரு கலன் இருந்தது. 1707 இல், ஆன் மகாராணி காலத்தில், வைன் கலன் 231 கன அங்குலம் எனச் சட்டமானது. அமெரிக்கர் சுதந்திரம் எடுத்த பிறகும் அதையே வைத்துக்கொண்டார்கள். பிரித்தானியப் பாராளுமன்றமோ 1824 இல் பழையவற்றைத் தள்ளிவிட்டு, 10 இறாத்தல் தண்ணீர் பிடிக்கும் அளவே கலன் என்றது. அதுதான் இம்பீரியல் கலன். இலங்கைக்கும் கனடாவுக்கும் வந்தது அது. பைந்தும் அப்படியே: இங்கிலாந்தில் 568 மில்லிலீற்றர், அமெரிக்காவில் 473. சமையல் புத்தகம் வாங்கினால் எங்கே அச்சடித்தது எண்டு பாருங்கோ.

கனடா 1971 இல் மெற்றிக் ஆணைக்குழுவை அமைத்து லீற்றருக்கு மாறத் தொடங்கியது. சனங்கள் முணுமுணுத்தார்கள். அந்த இடைக்காலத்தில்தான் 1983 யூலை 23 ஆம் திகதி வந்தது.

மொன்றியலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்ரன் போக நின்றது எயர் கனடாவின் புதிய போயிங் 767. எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. கோல் விட்டுப் பார்த்ததில் தாங்கியில் 7,682 லீற்றர் இருந்தது. பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. லீற்றரைக் கிலோவாக்க 0.8 ஆல் பெருக்கியிருக்க வேண்டும். அவர்கள் பெருக்கியது 1.77 ஆல். அது ஒரு லீற்றர் எண்ணெயின் இறாத்தல் நிறை. பழைய விமானங்களுக்கெல்லாம் இறாத்தலில்தான் கணக்கு. இந்தப் புது விமானத்துக்குத்தான் கிலோ. ஆக, 20,000 லீற்றர் ஊற்ற வேண்டிய இடத்தில் 5,000 லீற்றர்கூட ஊற்றவில்லை. ஒட்டாவாவில் திரும்பவும் அளந்தார்கள், திரும்பவும் அதே 1.77.

நடுவானில் இரண்டு இயந்திரங்களும் நின்றன. கப்டன் றொபேட் பியர்சன் பொழுதுபோக்காகக் கிளைடர் ஓட்டுபவர். 69 பேரோடு அந்த விமானத்தை மிதக்கவிட்டு, மனிற்றோபாவில் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். ஓடுபாதையில் அண்டைக்குக் கார்ப் பந்தயம்! ஒருவரும் சாகவில்லை. இப்பவும் அந்த விமானத்தை "கிம்லி கிளைடர்" எண்டுதான் சொல்லுவினம்.

1985 இல் ஆணைக்குழு கலைக்கப்பட்டது. மாற்றம் பாதியில் நின்றது. அதனால்தான் இந்த நாட்டில் பெற்றோல் லீற்றரிலும் ஆளின் உயரம் அடியிலும் கிடக்கு.

மனக்கணக்குக்கு ஒரு வழி: 11 இம்பீரியல் கலன் 50 லீற்றர். மயிரிழைதான் பிசகும்.

எங்கட புசலும் இதே குடும்பம்தான். எட்டு இம்பீரியல் கலன், 36.37 லீற்றர். "வயலில் 40 புசல் விளைஞ்சது" எண்டு அம்மப்பா சொன்னால் இங்கே பிறந்த பேரப்பிள்ளை முழிக்கும். பெருக்கிச் சொல்லுங்கோ: 1,455 லீற்றர். அதுவும் விளங்காவிட்டால், குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிற நாலு லீற்றர்ப் பால் பையைக் காட்டுங்கோ. அப்படி 364 பை நெல்லு.