சாப்பாட்டுப் பெட்டியை மறைத்த பிள்ளைகள்

2022இல், பொருட்களின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்த நேரம். தரம் 8இல் ஒரு பிள்ளை இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைப் பாதி மட்டும் திறந்து, உள்ளே கையை விட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். பக்கத்துப் பிள்ளைகள் கண்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடி. அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

கொஞ்ச நாளாகக் கனடாவின் பழைய வீட்டுச் சமையலைப் பற்றி வாசித்து வருகிறேன். நம்மில் பலருக்குக் கனடா என்றால் பனியும் டொலரும்தான். ஆனால் அந்த நாட்டின் சமையல் வரலாற்றிலும் அதே மூடியைக் கண்டேன்.

நோவா ஸ்கோஷியா, நியூ பிரன்ஸ்விக் போன்ற கிழக்குக் கரை மாகாணங்களில் ஒரு காலத்தில் சிங்க இறால் ஏழைகளின் உணவு. கரையில் குவிந்து கிடப்பதை அள்ளி வயலுக்கு உரமாகப் போடுவார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பாணுக்குள் சிங்க இறாலை வைத்துப் பாடசாலைக்குக் கொண்டுபோனார்கள், அதைப் பிறர் பார்க்காமல் மறைத்துச் சாப்பிட்டார்கள். கடையில் வாங்கிய இறைச்சி வைத்த பாண் கொண்டுவரும் பிள்ளையோடு மாற்றிக்கொள்ள முடிந்தால் அன்று அதிர்ஷ்டம். அந்த ஊர் முதியவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். இன்று அதே சிங்க இறால் ஹோட்டலில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். இறால் மாறவில்லை, அதை யார் சாப்பிடுகிறார்கள் என்பதுதான் மாறியது.

1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. 1933 அளவில் கனடாவில் வேலை செய்யக்கூடியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வேலையில்லை. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில் அப்போது பிறந்த இனிப்புக்குப் பெயரே ‘வேலையில்லாதவனின் புடிங்’. மா, பட்டர், பால், பேக்கிங் பவுடர் சேர்த்துச் சாதாரணக் கேக் மாவு. அதன்மேல் கொதிக்கக் கொதிக்கச் சிவப்புச் சீனிப் பாணியை ஊற்றி அடுப்பில் வைப்பார்கள். மா மேலெழும், பாணி அடியில் இறங்கிக் கெட்டியாகும். அவ்வளவுதான். பிற்காலத்தில் மேப்பிள் பாணி ஊற்றவும் தொடங்கினார்கள். மேப்பிள் பாணியை நமக்கு விளக்கத் தேவையில்லை, கித்துள் பாணியின் உறவுதான். மரத்தின் நீரை இறக்கிக் காய்ச்சுவது. ஏறக்குறைய 40 லீற்றர் நீரைக் காய்ச்சினால் 1 லீற்றர் பாணி. இந்த வித்தையை வந்தேறிய பிரெஞ்சுக்காரர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகள். (கியூபெக்கின் இன்னொரு புகழ்பெற்ற வீட்டுப் பண்டம் துர்தியேர் என்ற இறைச்சிப் பை. பெரும்பாலும் பன்றி இறைச்சி, நமக்கு ஆகாது. எனவே கடந்து போகிறேன்.)

அதே பஞ்ச காலத்தில் உள்நாட்டுச் சஸ்கச்சுவான் மாகாணத்தில் மழையும் பொய்த்தது. கோதுமை வயல்கள் புழுதியாகப் பறந்தன. கிழக்கு மாகாணங்கள் ரயிலில் உதவி அனுப்பின. அப்பிள், மரக்கறி, கூடவே உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன், அதாவது கருவாடு. கடலையே காணாத அந்த விவசாயிகளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஊறவைத்து உப்பை எடுக்கத் தெரியாமல் அப்படியே பொரித்தார்களாம். கூரை ஓட்டை அடைக்கத்தான் சரி என்று பகிடியும் பண்ணினார்கள். நம் உம்மாமார் கையில் கொடுத்திருந்தால் ஒரே நாளில் தெரு முழுக்க மணக்க வைத்திருப்பார்கள்!

ஆனால் கடலோர நியூபவுண்ட்லாந்தில் அதே கருவாடுதான் உயிர். இரவு அதை ஒரு சட்டியிலும், கல் போன்ற காய்ந்த ரொட்டியை இன்னொரு சட்டியிலும் ஊறப்போட்டு, காலையில் அவித்து ஒன்றாகப் பரிமாறுவார்கள். 1992 ஜூலையில் கொட் மீன் அருகிப்போனதால் அரசு அந்த மீன்பிடியையே நிறுத்தியது. சுமார் 30,000 பேரின் தொழில் போனது. வாப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவர்கள் ஊரைவிட்டு வேறு மாகாணங்களுக்குப் போனார்கள். போன இடத்திலும் அந்தச் சாப்பாட்டைத்தான் தேடினார்கள்.

1937இல் சந்தைக்கு வந்த ‘கிராஃப்ட் டின்னர்’ பற்றி ஒரு வரி போதும். பெட்டியில் அடைத்த மக்கரோனியும் சீஸ் பவுடரும். பஞ்சத்திலும் பின்வந்த போர்க்காலத்திலும் மலிவாக வயிறு நிரப்பியது. இன்றும் வீட்டு நினைவு என்றால் பல கனேடியருக்கு அதுதான்.

நான் நின்று யோசித்த இடம் பானொக் என்ற ரொட்டி. ஸ்கொட்லாந்து வியாபாரிகள் கொண்டுவந்த பெயர் அது. மா, கொழுப்பு, பேக்கிங் பவுடர், தண்ணீர். இரும்புச் சட்டியில் சுடலாம், குச்சியில் சுற்றி நெருப்பிலும் வாட்டலாம். இன்று பூர்வகுடி மக்களின் விழாக்களில் முக்கிய உணவு. ஆனால் அது அவர்களின் அன்றாட உணவானது எப்படி? அவர்கள் நம்பி வாழ்ந்த காட்டெருமைகள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிட்டத்தட்ட அழிக்கப்பட்டன. நிலம் பறிபோய், ஒதுக்கிய இடங்களில் அடைபட்ட மக்களுக்கு அரசு கொடுத்த பங்கீடு மாவும் கொழுப்பும். கிடைத்ததை வைத்துத் தாய்மார் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். அதனால் அவர்களிலேயே சிலர் பானொக்கைப் பெருமையாகப் பேசுகிறார்கள், சிலர் அடக்குமுறையின் ரொட்டி என்று தொட மறுக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

அந்த மக்களின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளில் சேர்த்தார்கள். ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள். அங்கே படித்தவர்கள் அதிகம் சொல்வது பசியைத்தான். 1940களின் இறுதியில் ஆறு பாடசாலைகளில் சுமார் 1,000 பிள்ளைகள் போஷாக்கின்றி இருப்பது அதிகாரிகளுக்குத் தெரிந்தே இருந்தது. அவர்களை வைத்து ஆராய்ச்சி செய்தார்கள். ஒரு பாடசாலையில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, பாலின் அளவு போதாது என்று தெரிந்தும் இரண்டு வருடம் அப்படியே விட்டார்கள். 2013இல் இயன் மொஸ்பி என்ற வரலாற்றாசிரியர் இதை வெளிக்கொண்டு வந்தார். அங்கேயும் ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளைகளின் தட்டை ஒவ்வொரு நாளும் பார்த்தார்கள்.

கடைசியாக ஒன்று. கருவாட்டைக் கண்டு திகைத்த அதே சஸ்கச்சுவானில் 1970களுக்குப் பிறகு பருப்புப் பயிர் பெருகியது. இன்று நாம் வாங்கும் மைசூர்ப் பருப்பில் பெரும் பங்கு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும்தான் வருகிறது. நம் வீட்டுப் பருப்புக்கறிக்கு அந்தப் புழுதி வயல்களோடு இப்படியும் ஓர் உறவு.

போன வாரம் இந்த இறால் கதையை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் நம்பவில்லை. “சேர், சிங்க இறாலையா ஒளிச்சுச் சாப்பிட்டாங்க?” என்று ஒரே சிரிப்பு.

1970களின் பாண் வரிசைக் காலத்தில் உங்கள் உம்மாவும் உம்மும்மாவும் என்ன சமைத்தார்கள்? கீழே எழுதுங்கள். அளவோடும் செய்முறையோடும் எழுதினால் வகுப்பில் வாசித்துக் காட்டுவேன்.