சலுகைச் சுங்கவரி: அளப்பது எப்படி, அளவில் விடுபடுவோர் யார்?

இராஜபாளையத்தின் நூற்பாலைக்குள் நுழையும் பஞ்சுப் பொதி வேளாண் பொருள். அதே ஆலையிலிருந்து வெளியேறும் நூல் தொழிற்பொருள். உலக வணிக அமைப்பின் வேளாண் ஒப்பந்தம் வகுத்த எல்லை இது. ஏழை நாடுகளின் வேளாண் ஏற்றுமதிக்கு இந்தியா அளிக்கும் சலுகையை அளக்க, நாம் அந்தப் பஞ்சுப் பொதியையே எடுத்துக்கொள்கிறோம்.

குறைந்த வளர்ச்சியுற்ற நாடுகளின் பொருள்களுள் குறைந்தது 97 விழுக்காட்டுக்கு வரியற்ற நுழைவு வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு ஹாங்காங் மாநாடு முடிவெடுத்தது. இந்தியா 2008 ஆகஸ்டில் தன் சலுகைத் திட்டத்தைத் தொடங்கி, 2014இல் ஏறத்தாழ 98 விழுக்காடு வரி இனங்களுக்கு அதனை விரித்தது.

இந்த 98 என்ற எண்ணை அப்படியே நம்பலாகாது. அது வரி அட்டவணையின் வரிசைகளை எண்ணுகிறதேயன்றி வணிகத்தை எடைபோடுவதில்லை. 2014இன் விலக்குப் பட்டியலில் காப்பி, தேயிலை, புகையிலை, வெங்காயம், பால்பொருள்கள் சில இருந்தன. எத்தியோப்பியாவும் உகாண்டாவும் முதன்மையாக ஏற்றுமதி செய்யும் வேளாண் பொருளே காப்பிதான்! பாலுக்கான காப்போ வேறு கதை: புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் பால் ஊற்றும் சிறு மாடு வளர்ப்போரின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே விலக்குப் பட்டியல் முழுவதையும் அநீதி என்று நாம் சொல்லமாட்டோம்.

இரண்டாவது அளவுகோல் சலுகை இடைவெளி. பொது வரியிலிருந்து சலுகை வரியைக் கழித்தால் கிடைப்பது. 2021 பிப்ரவரியில் பஞ்சுக்கு அடிப்படைச் சுங்கவரி 5, வேளாண் உள்கட்டமைப்பு மேல்வரி 5, அவற்றின்மீது சமூகநல மேல்வரி என மொத்தம் 11 விழுக்காடு விதிக்கப்பட்டது. மாலி, பெனின் நாடுகளின் பஞ்சுக்கு முழு விலக்குக் கிடைத்தால் இடைவெளி 11 புள்ளி. சலுகை அடிப்படை வரிக்கு மட்டுமென்றால் அது பாதியாகிவிடும். 2022 ஏப்ரல் முதல் அக்டோபர் வரையும், 2025 ஆகஸ்ட் 19 முதல் ஆண்டிறுதி வரையும் ஒன்றிய அரசு அனைத்து நாட்டுப் பஞ்சுக்கும் வரியை நீக்கியது. அந்த மாதங்களில் இடைவெளி சுழியம். அமெரிக்க மானியப் பஞ்சும் மாலியின் பஞ்சும் ஒரே வாசலில் நின்றன. இடைப்பட்ட காலத்திலும், 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி ஆஸ்திரேலியப் பஞ்சு ஆண்டுக்கு 51,000 டன் வரியின்றி வரலாம். போட்டியாளர் செலுத்தும் வரியோடு ஒப்பிடாமல் இடைவெளியைக் கணக்கிடுவது பிழை.

மூன்றாவது, பயன்பாட்டு விகிதம்: தகுதியுள்ள சரக்கில் எவ்வளவு உண்மையில் சலுகையைக் கோரியது என்பது. 30 விழுக்காடு உள்நாட்டு மதிப்புக்கூட்டல், பிறப்பிடச் சான்று ஆகியவற்றின் செலவு சலுகையை விஞ்சினால் வணிகர் முழு வரியையே கட்டிவிடுவார்.

இம்மூன்றும் நாட்டையே அலகாகக் கொள்கின்றன. நாட்டுக்குள் எவருக்கு என்பது அவற்றில் இல்லை. 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினரிடம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. பஞ்சு விலை சரிந்தால் நிலமுடையவரின் இழப்புக்கு ஓர் எண் உண்டு. பருத்தி எடுக்கும் தலித் பெண் இழக்கும் வேலைநாளுக்கு இல்லை. வரி நீங்கிப் பஞ்சு மலிந்தபோது ஆலைத் தொழிலாளியின் கூலி உயர்ந்ததா என்பதையும் எந்தச் சுட்டெண்ணும் கேட்பதில்லை.

ஆய்வு செய்யும் மாணவர்கள் தூத்துக்குடி சுங்கத்துறையிடம், 10 ரூபாய்க் கட்டணத்துடன், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு அனுப்பலாம்: 96/2008 சுங்க அறிவிக்கையின்படி 5201 என்ற பஞ்சு இனத்துக்கு ஆண்டுவாரியாக, நாடுவாரியாகக் கோரப்பட்ட விலக்கு எவ்வளவு? நிறுவனங்களின் பெயரைக் கேட்டால் வணிக மந்தணம் என்று மறுக்கக்கூடும். மொத்தத் தொகையை மட்டும் கேளுங்கள்.