துப்புக்கூலி

கட்டுத்தறியில் இரவு கட்டிய உழவுமாட்டு ஜோடி விடியும்போது இல்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தென்பாண்டி வறண்ட காட்டில் இப்படி நடந்தால், சம்சாரி முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகமாட்டார். குளம்படியைப் பார்த்துக்கொண்டே நடப்பார். சரளை தொடங்கும் இடத்தில் தடம் மறைந்துவிடும். பிறகு பக்கத்து ஊரில் விவரம் தெரிந்த ஓர் ஆளைத் தேடிப் போவார். அந்த ஆளுக்கும் ஒன்றும் தெரியாதுதான். விசாரித்துப் பார்க்கிறேன் என்பார். ஒரு தொகை பேசி முடியும். பணம் கைமாறிய இரண்டொரு நாளில் ஏதோ ஒரு கண்மாய்க்கரை உடைமரத்தில் மாடு கட்டிக் கிடக்கும். இந்தப் பணத்துக்குத் துப்புக்கூலி என்று பெயர். 1906இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெஜட்டியரில் டபிள்யூ. பிரான்சிஸ் இந்தச் சொல்லைப் பதிந்து வைத்திருக்கிறார். பெயரைக் கவனிக்க வேண்டும். மாட்டுக்கான விலை என்றோ மீட்புப் பணம் என்றோ யாரும் சொல்லவில்லை, துப்புக்குக் கூலி. விற்கப்பட்டது தகவல்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் சுமார் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப்போட்டு, திறந்துவிட 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தத்தளித்தன. ஆந்திரக் காவல்துறையின் சில கணினிகளும் மாட்டிக்கொண்டன. தகவல் பாதுகாப்பில் ஆர்வமுள்ள நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் இன்றும் பேச்சு அங்கேதான் சுற்றி வருகிறது: பணம் கொடுக்கலாமா கூடாதா, பூட்டை உடைக்கத் தெரிந்தவனையே காவலுக்கு வைக்கலாமா, பறிபோனால் நட்டம் யாருடையது. இந்த மூன்று கேள்விகளும் கணினியோடு பிறந்தவை அல்ல. திருச்சுழியையும் கமுதியையும் உள்ளடக்கிய பழைய இராமநாதபுரச் சீமை இவற்றோடு பல தலைமுறை வாழ்ந்திருக்கிறது. முதல் இரண்டைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். மூன்றாவதுக்கு அந்தக் காலத்தில் ஒரு தெளிவான பதில் இருந்தது; அது எப்படித் தொலைந்தது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய வரலாறு.

அந்தப் பதிலின் பெயர் காவல். ஒரு வட்டாரம் முழுவதற்குமான திசைகாவல், ஓர் ஊருக்கான தலக்காவல் என்று அது இரண்டடுக்காக இருந்தது. அறுவடைக் களத்தில் பொலி அளக்கும்போது காவல்காரர் பங்கு தனியே அளந்து வைக்கப்படும். பதிலுக்கு அவர் ஏற்கும் பொறுப்பு ஒன்றுதான்: களவு போனால் பொருளை மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் நட்டத்தைத் தன் கையிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். இதன் வேர் பாளையக்காரர் காலத்துக்கும் முந்தையது. பாடிகாவல் என்ற சொல் பாண்டிய, சோழக் கல்வெட்டுகளில் வருகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார் தங்கள் பாடிகாவல் உரிமையை அரையர்களுக்கு விற்றுக்கொடுத்த செய்தியைக் கல்லிலேயே படிக்கலாம். விற்கவும் வாங்கவும் முடிந்தது என்றால் அது வெறும் பயமுறுத்தலாக மட்டும் இருந்திருக்க முடியாது. நிபந்தனையுள்ள ஓர் ஒப்பந்தமாகவும் இருந்திருக்க வேண்டும். இராமநாதபுரச் சீமையில் இந்தக் காவல் பெரும்பாலும் மறவர்கள் கையில் இருந்தது. இரவில் எந்தத் தடத்தில் எது நடக்கும், எந்த ஊர் மாடு எந்தச் சந்தைக்குப் போகும் என்பது தெரிந்தவர்தான் காவல்காரர். களவின் நுணுக்கம் அறியாதவரை யாரும் காவலுக்கு வைக்கமாட்டார்கள். இன்று நிறுவனங்கள் தங்கள் கணினியமைப்பை உடைத்துக் காட்டுகிறவர்களுக்குச் சம்பளமும் பரிசும் கொடுப்பதைப் புதுமையாகச் சொல்கிறோம். களத்துமேட்டில் அது மரக்காலால் அளக்கப்பட்டது.

காவல் என்பதே மிரட்டிப் பறிப்பதுதானே, அதற்கு என்ன ஒப்பந்தப் பெருமை என்று கேட்கலாம். கும்பினி அதிகாரிகள் அப்படித்தான் கேட்டார்கள். பாளையங்களின் கலெக்டராக இருந்த லஷிங்டன், காவல் வரிகளைக் கொள்ளை என்றே மேலிடத்துக்கு எழுதினார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. காவல்காரரை நீக்கிய ஊரில் களவு கூடும். துப்புக்கூலி பேசுகிறவரும் மாட்டை ஓட்டியவரும் உறவினராக இருப்பது உண்டு. ஊராருக்கும் இது தெரியும், கசப்பும் இருந்தது. 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் கள்ளர் காவலை வேண்டாமென்று விலக்கி, மாடு இழந்தவருக்கு ஈடு கொடுக்கத் தங்களுக்குள் பணம் திரட்டின. ஆங்கிலச் சொல்லான பண்டு அப்படியே ஒட்டிக்கொண்டு பண்டு கலகம் என்று பெயரும் பெற்றது. வீடுகள் எரிந்தன, அழகான கதை இல்லை. ஆனால் அந்தச் சம்சாரிகள் எதை நிராகரித்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் ஒன்று புலப்படும். காவல்காரரை விலக்கினார்கள், ஈட்டை விலக்கவில்லை. களவு போனால் இழந்தவன் தனியே நிற்கக்கூடாது என்பது அவர்களுக்குப் பேரத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. காவல் முறையின் அழுக்கையும் அதன் சாரத்தையும் பிரித்தெடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

சர்க்கார் அந்தப் பிரிவினையைச் செய்யவில்லை. 1801இல் கர்நாடிக் பகுதி முழுவதும் கும்பினி கைக்கு வந்தது, 1803இல் இராமநாதபுரம் ஜமீன் ஆனது, 1859இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் வந்தது. போலீஸ் திருடனைப் பிடிக்கும், வழக்குப் போடும், தண்டனை வாங்கித் தரும். மாட்டுக்கு ஈடு மட்டும் தராது. காவலின் அதிகாரம் அரசுக்குப் போனது, கடன் யாருக்கும் போகவில்லை. அதற்குப் பதிலாக அரசு சேர்க்கத் தொடங்கியது பதிவேடு. 1911இல் குற்றப் பழங்குடிகள் சட்டம் சென்னை மாகாணத்துக்கு நீட்டிக்கப்பட்டது. தென் மாவட்டங்களில் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம், ஏனென்றால் அது அவர்களிடம் முதலில் கேட்டது பத்து விரலின் ரேகையை. மைப்பலகையில் விரலை ஒரு பக்கத்து நகவிளிம்பிலிருந்து மறு விளிம்புவரை உருட்டி, பிறகு தாளில் அதேபோல் உருட்ட வேண்டும். விரலைப் பிடித்து உருட்டுவது போலீஸ்காரர், தன் கையானாலும் உரியவர் சும்மா விட்டுவிட வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி இதை மறுத்த பெருங்காமநல்லூரில் துப்பாக்கி பேசியது; மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். 1929இல் சட்டம் திருச்சுழிக்குப் பக்கத்து ஆப்பநாட்டு மறவர் கிராமங்கள் 19க்கு வந்தது. முத்துராமலிங்கத் தேவரின் அரசியல் அந்த எதிர்ப்பில்தான் தொடங்குகிறது. மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947 ஜூன் 5இல்.

இதில் ஒரு முரண் உண்டு. கைரேகை அரசாங்க வேலைக்குள் நுழைந்ததே ஓர் ஒப்பந்தத்தின் வழியாகத்தான். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குச் சரளை கொண்டுவர ஒப்புக்கொண்டவர் பிறகு பேச்சு மாறக்கூடாது என்பதற்காக உள்ளங்கையைத் தாளில் பதியச் செய்தார். சொன்ன சொல்லுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அதன் நோக்கம். 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பணியகம் வந்து, ரேகை குற்றவாளியை அடையாளம் காட்டும் கருவியாகி, பிறகு இன்னும் குற்றமே செய்யாதவரை முன்கூட்டி எழுதி வைக்கும் கருவியாகிவிட்டது. பழைய காவலில் காவல்காரர் யார், எந்த ஊர், எந்த வீடு என்பது ஊருக்குத் தெரியும். பொறுப்பு ஏற்றவர்தான் அடையாளம் காட்டப்பட்டவர். ரேகைச் சட்டத்தில் அடையாளம் காட்டப்பட்டவர் ஒரு பக்கம், அடையாளத்தை வைத்திருப்பவர் மறுபக்கம். வைத்திருப்பவருக்கு எந்தக் கடனும் கிடையாது.

இன்று நாம் நிற்பது அந்த அடையாளம் காட்டப்பட்டவர்கள் வரிசையில்தான் என்பது என் வாதம். ரேஷன் கடையில் விரல் வைக்கிறோம், வங்கி முகவரிடம் விரல் வைக்கிறோம், பத்திரப்பதிவில் பெருவிரல் உருட்டுகிறோம். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் சிம் கார்டு விற்ற ஒருவர் பத்திர ஆவணங்களில் இருந்த ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்யும் பொருளில் அச்சு வார்த்து, ஆயிரக்கணக்கான இணைப்புகளை முடுக்கியது பிடிபட்டது. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், விரலை மாற்ற முடியாது. 2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முக அடையாள இணையவாசலுக்குள்ளேயே யாரோ புகுந்தார்கள். ஒரு பயனர் கணக்கின் கடவுச்சொல் கசிந்ததுதான் வழி. அதில் முகம் இருந்தவர்களுக்கு யார் என்ன அளந்து கொடுப்பது? 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்கிறது. அந்தப் பணம் அரசின் தொகுநிதிக்குப் போகிறது, இழந்தவருக்கு அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இடம்தந்த 43ஏ பிரிவை நீக்கவும் அதே சட்டம் வழிசெய்கிறது. மாட்டைத் தொலைத்த சம்சாரிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம்.

மாடு வேறு, தகவல் வேறு என்ற மறுப்பு வலுவானது. துப்புக்கூலி கொடுத்தால் மாடு திரும்பும், திருடியவனிடம் அது இருக்காது. தகவலை மீட்டாலும் திருடியவனிடம் நகல் இருக்கும். ஆகவே மீட்பது என்ற பேச்சே அர்த்தமற்றது, பணம் கொடுப்பதும் வீண். சரிதான். ஆனால் மீட்க முடியாத இடத்தில்தானே ஈட்டின் தேவை கூடுகிறது? திரும்பக் கட்டிவைக்க மாடே இல்லாதபோது காவல்காரர் தன் தொழுவத்து மாட்டை அவிழ்த்துக் கொடுத்தாக வேண்டும் என்பதுதான் பழைய விதி. இன்னொரு மறுப்பு, ஈடு முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பது. அதுவும் உண்மை. 2017 ஜூலை 6இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: பிழை வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நட்டம் இல்லை; பிழை வாடிக்கையாளருடையது என்றால் அதை வங்கிதான் நிரூபிக்க வேண்டும். யாரும் அப்படிப் பெயர் வைக்கவில்லையே தவிர, இது தலக்காவல்தான். பணத்துக்கு ஒப்புக்கொண்டதை விரலுக்கும் முகத்துக்கும் ஒப்புக்கொள்ள முடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இப்போதைக்கு நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது ஒரு பூட்டு. ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டி வைக்கலாம். தேவைப்படும்போது திறந்து, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டிக்கொள்ளலாம். குண்டாற்றங்கரையில் கரிமூட்டம் போட்டு விரல்ரேகை தேய்ந்த ஒரு கிழவி, ரேஷன் இயந்திரம் மூன்றாவது முறையும் மறுத்த பிறகு, பேரன் கைப்பேசியை வாங்கி அந்தப் பூட்டைத் திறந்தோமா இல்லையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். களத்தில் பொலி அளக்கிறவர்கள் போய்விட்டார்கள்; காவலும் அவளுடையதுதான், நட்டமும் அவளுடையதுதான்.