திரையும் மதிப்பெண் தாளும்: தமிழ் வகுப்பில் மாணவர் படைப்பு

மாணவர் வகுப்பின்முன் நின்று படைப்பதையும், உடன்பயில்வோர் அதனை மதிப்பிடுவதையும் மேலைநாட்டுப் புதுமுறை எனக் கருதுவோர் நம்மிடையே பலர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் 1774 முதல் அளவையியல் கற்பித்த ஜார்ஜ் ஜார்டைன் மாணவர் கட்டுரைகளை மாணவரைக் கொண்டே மதிப்பிடச் செய்தார் என்பது உண்மையே. ஆயினும், அதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே நன்னூலில் பவணந்தியார் புலமையைப் பகுத்துக் காட்டியுள்ளார். ஆசிரியர்வழி வருவது கால். உடன்பயில்வோரோடு பழகி வருவது மற்றொரு கால். பிறர்க்குத் தெளிவுற எடுத்துரைப்பதால் வருவது எஞ்சிய அரை. (ஆசிரியர்க்குக் கால்பங்குதான் என்பதை நம்மில் எத்தனைபேர் மனமுவந்து ஏற்போம் என்பது வேறு.)

கணினி இம்முறையினுள் நுழைந்த வரலாறு தமிழ் வகுப்புகளில் சற்றுத் துன்பமானது. பவர்பாயிண்ட் 1987இல் மெக்கின்டாஷ் கணினிக்கும் 1990இல் விண்டோசுக்கும் வெளிவந்தது. ஆங்கிலத்தில் படைத்தோர்க்கு அது எளிதில் கைகூடியது. தமிழில் படைத்தோர்க்கோ எழுத்தே தடையாயிற்று. 1990களில் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியாக்கங்களைக் கொண்டிருந்தன. வீட்டில் அமைத்த படைப்பு, அவ்வெழுத்துரு இல்லாத விரிவுரை மண்டபக் கணினியில் பொருளற்ற உரோமக் குறிகளாய் விரியும். வட்டில் எழுத்துருவையும் சுமந்து வந்தோர் உண்டு. பக்கங்களைப் படமாக்கி வந்தோரும் உண்டு. நெகிழித் தாளில் கையால் எழுதி ஓவர்ஹெட் புரொஜெக்டரில் காட்டியவரே அந்நாளில் அச்சமின்றிப் பேசினர். சிங்கப்பூரில் 1997இலும், சென்னையில் 1999இலும், கோலாலம்பூரில் 2001இலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகள் இக்குழப்பத்தையும் ஆராய்ந்தன. ஒருங்குறியில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும், விண்டோஸ் 2000 அதனை ஏற்ற பின்னரே, அதுவும் மெல்ல மெல்லவே, வகுப்பறைத் திரை தெளிந்தது.

இதன் விளைவு மதிப்பெண் தாளில் தெரிந்தது. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை நன்கு ஆய்ந்து வந்த ஒரு மாணவியின் படைப்பு திரையில் சிதைந்தது. அவர் குறிப்பின்றியே பாடல்களைச் சொல்லி விளக்கினார். உடன்பயில்வோர் தாள்களில் 'திரை தெளிவில்லை' என்னும் குறிப்பே மிகுந்திருந்தது; ஆய்வைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அக்குறைந்த மதிப்பெண்ணை நாம் அப்படியே பதிந்தோம். அது நம் பிழை.

பின்னர்த் தாளை மாற்றினோம். திரைக்குரிய மதிப்பெண்ணை நீக்கி, கேட்டவர் தாம் எழுப்பிய வினாவையும் பெற்ற விடையையும் எழுதிய பின்னரே மதிப்பெண் இடல் வேண்டும் என்றோம். நண்பர்க்கு மிகுதியாக இடும் வழக்கம் ஒழியவில்லை; குறைந்தது. எழுத்துருச் சிக்கல் பெரும்பாலும் நீங்கிய இக்காலத்திலோ, திரையிலுள்ளதை வரிமாறாது படிப்பவர் மிகுந்துள்ளனர். அவர்க்குரிய தாள்களில் வினாவுக்கான இடம் பெரும்பாலும் வெறுமையாகவே வருகின்றது. அத்தாள்களைப் பதியாது திருப்பி அனுப்புகிறோம்.