நாய், பூனைகளுக்கான வழமையான மருத்துவப் பரிசோதனை

நாய், பூனைகளுக்கான வழமையான மருத்துவப் பரிசோதனை என்பது, அவ்விலங்குகள் நலமாகத் தோன்றும் காலத்திலேயே, குறிப்பிட்ட கால இடைவெளிகளில் கால்நடை மருத்துவர் அவற்றை ஆய்ந்து பார்ப்பதைக் குறிக்கும். உடல் ஆய்வு, தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி ஒழிப்பு, உணவு பற்றிய அறிவுரை ஆகியன இதில் அடங்கும். வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) நிலவும் இந்தியா போன்ற நாடுகளில், இப்பரிசோதனை விலங்கின் நலனுடன் அதனை வளர்க்கும் குடும்பத்தினரின் உயிரையும் காப்பதாக அமைகின்றது.

தேவை

நாயும் பூனையும் தம் நோயை எடுத்துச் சொல்ல இயலாதவை. குறிப்பாகப் பூனை, வலியை வெளிக்காட்டாது ஒதுங்கியிருக்கும் இயல்புடையது. வயது முதிர்ந்த பூனைகளில் மிகுதியாகக் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். சிறுநீரகத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பின்னரே மிகுந்த தாகமும் மிகுந்த சிறுநீரும் வெளிப்படுகின்றன. ஆனால் எடைக் குறைவு அதற்கு முன்னரே தொடங்கக்கூடும். 4 கிலோகிராம் எடையுள்ள பூனை 400 கிராம் இழப்பது, 60 கிலோகிராம் எடையுள்ள மனிதர் 6 கிலோகிராம் இழப்பதற்கு ஒப்பாகும். நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்குப் புலப்படாத இவ்வேறுபாட்டை, முந்தைய ஆண்டின் எடைக் குறிப்பு காட்டிவிடும்.

கால இடைவெளி

குட்டிகள் 6 முதல் 8 வார வயதில் முதன்முறை பரிசோதிக்கப்படுகின்றன. அதன் பின்னர் 16 வார வயது வரை, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை தடுப்பூசி இடப்படுகின்றது. தாயின் சீம்பால் வழியே குட்டி பெற்ற எதிர்ப்பொருள்கள் தடுப்பூசியைப் பயனற்றதாக்க வல்லவை. அவை மறையும் நாள் குட்டிக்குக் குட்டி வேறுபடும் என்பதாலேயே ஊசி பலமுறை இடப்படுகின்றது. வளர்ந்த விலங்குகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், ஏறத்தாழ 7 வயதைக் கடந்தவற்றுக்கு ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகின்றது.

பரிசோதனை முறை

முதலில் உணவு, நீர் அருந்தும் அளவு, மலம், சிறுநீர், நடத்தை மாற்றம் ஆகியவை பற்றி வளர்ப்பவரிடம் கேட்டறியப்படும். பின்னர் எடை பார்க்கப்படும். கண், காது, பல், ஈறு, தோல், நிணநீர்க் கணுக்கள் ஆகியன ஆராயப்படும். வயிறு கையால் அழுத்திப் பார்க்கப்படும். தொடையின் உட்புறத்தில் நாடி உணரப்படும். ஈறை விரலால் அழுத்தி விடுவிக்கும்போது வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். தாமதமானால் குருதியோட்டக் குறைவு ஐயுறப்படும்.

ஓய்விலுள்ள நலமான விலங்கின் பொதுவான அளவுகள் பின்வருமாறு:

- உடல் வெப்பநிலை: நாய் 38.3 - 39.2 பாகை செல்சியசு, பூனை 38.1 - 39.2 பாகை செல்சியசு
- நிமிடத்திற்கு இதயத்துடிப்பு: நாய் 60 - 140; பூனை 140 - 220
- நிமிடத்திற்கு மூச்சு: நாய் 10 - 30, பூனை 20 - 30

இவற்றின் உடல் மனித உடலைவிடச் சூடானது. ஆகவே கையால் தொட்டோ, மூக்கு உலர்ந்திருப்பதைக் கொண்டோ காய்ச்சலை உறுதி செய்ய இயலாது, வெப்பமானி தேவை.

வெறிநாய்க்கடி நோயும் தடுப்பூசியும்

மனிதருக்கு ஏற்படும் வெறிநாய்க்கடி நோயில் 99 விழுக்காடு வரை நாய்கள் வழியே பரவுவதாக உலக சுகாதார அமைப்பு கூறுகின்றது. நோய்க்குறிகள் தோன்றிய பின் இது ஏறத்தாழ எப்போதும் உயிரைப் பறிக்கும். நாயிடம் குறிகள் வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்னரே அதன் உமிழ்நீரில் தீநுண்மம் (வைரசு) கலந்துவிடும். எனவே நலமாகத் தோன்றும் நாய் என்பது பாதுகாப்பான நாய் என்று பொருளாகாது. நாய், பூனை இரண்டிற்கும் 3 மாத வயதில் இதற்கான முதல் ஊசியும், பின்னர் குறித்த காலத்தில் ஊக்க ஊசிகளும் இடப்படுகின்றன. கடிபட்டால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும்.

நாய்களுக்கு டிஸ்டெம்பர், பார்வோ, கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கும், பூனைகளுக்குப் பான்லூக்கோபீனியா, ஹெர்பிஸ், கலிசி ஆகியவற்றுக்கும் தடுப்பூசிகள் உள்ளன. பார்வோ நோய் 1978ஆம் ஆண்டளவில் தோன்றி உலகெங்கும் பரவியதாகும்.

தமிழ்நாட்டில்

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் உருவானது. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கெனக் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907இல் நிறுவப்பட்டது. கால்நடை பராமரிப்புத் துறையின் மருந்தகங்களில் ஆடு மாடுகளுடன் நாய், பூனைகளும் பார்க்கப்படுகின்றன. இந்திய அரசின் 2023ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, வளர்ப்பு நாய்களின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றுக்கு உரிமையாளரே பொறுப்பாவார்.

ஓசூர், கெலவரப்பள்ளி வட்டாரம்

கிருட்டிணகிரி மாவட்டம் 2004இல் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்டது. அதன் எல்லை நகரான ஓசூருக்கு அருகே, கருநாடகத்தின் நந்தி மலையில் தோன்றும் தென்பெண்ணையாற்றின் குறுக்கே கெலவரப்பள்ளி அணை அமைந்துள்ளது. ஓசூரின் அரசு கால்நடைப் பண்ணை 1824ஆம் ஆண்டில் தொடங்கியது. ஆதலால் கால்நடை பேணல் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

தொழிற்பேட்டைகளும் விளைநிலங்களும் அடுத்தடுத்துள்ள இத்தகைய இடங்களில், காவல் நாய்கள் தெரு நாய்களுடன் கலந்து பழகுகின்றன. பரிசோதனையின்போது காதின் உட்புறத்தையும் விரலிடுக்குகளையும் உண்ணிக்காகப் பார்த்தல் இன்றியமையாதது. பழுப்பு நாயுண்ணி பரப்பும் எர்லிக்கியா, பபீசியா நோய்கள் குருதியைக் கெடுப்பவை. வெளிறிய ஈறு அவற்றின் அறிகுறியாகலாம். தேங்கிய நீரில் இறங்கும் நாய்களுக்கு, எலிகளின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சலுக்கான ஊசி ஆண்டுதோறும் இடப்படுகின்றது. இந்நோய் மனிதருக்கும் தொற்றும்.

எல்லைப் பகுதிகளில் தடுப்பூசிக் குறிப்பேடு தனிச்சிறப்புப் பெறுகின்றது. வேலையின் பொருட்டுக் குடும்பங்கள் ஓசூருக்கும் பெங்களூருக்கும் இடையே இடம் மாறும்போது மருத்துவரும் மாறுகின்றார். ஊசி இட்ட நாள், மருந்தின் பெயர், தொகுதி எண், எடை, அடுத்த ஊசிக்குரிய நாள் ஆகியவை அடங்கிய குறிப்பேடு உடனிருந்தால், புதிய மருத்துவர் விட்ட இடத்திலிருந்து தொடர இயலும். நாய் எவரையேனும் கடிக்க நேரின் முதலில் கேட்கப்படுவதும் அக்குறிப்பேடே ஆகும்.